பாக்கும் அட்ரோபினும்: மருந்து உடலில் வேலை செய்யும் விதம் – தொடக்கநிலையினருக்கு முழுமையான வழிகாட்டி

வாழப்பாடி என்றால் பாக்குத் தோப்பு. பாக்கை மென்றால் எச்சில் ஊறும், லேசாக வியர்க்கும். அது ஏன் என்று தெரிந்துகொண்டால், மாத்திரையும் ஊசியும் உடலுக்குள் என்ன செய்கின்றன என்பதும் விளங்கிவிடும். எந்த மருந்துக்கும் நோய் இன்னதென்று தெரியாது. பெரும்பாலான மருந்துகள் தமக்குப் பொருந்தும் புரதத்தைத்தான் பிடிக்கும்.

படி 1: உடலே சுரக்கும் மூலக்கூறு

நரம்பு நுனிகள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. எச்சில் ஊறுவதும் குடல் அசைவதும் இதயத் துடிப்பு குறைவதும் இதனால்தான். நரம்பு இப்படி வேதிப்பொருளால் பேசுகிறது என்பதை ஓட்டோ லோவி 1921இல் தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். 1936இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

படி 2: ஏற்பியைத் திறப்பது

செல்லின் மேற்பரப்பில் ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. அது பூட்டு என்றால் அசிட்டைல்கோலின் அதன் சாவி. பாக்கிலுள்ள அரிகோலின் அந்தப் பூட்டைத் திறக்கிற இன்னொரு சாவி. எச்சில் ஊறுவது அதனால். ஆனால் பாக்கு வாயில் செய்வது இது மட்டுமல்ல. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது.

படி 3: ஏற்பியை அடைப்பது

ஊமத்தையிலும் உள்ள அட்ரோபின் அதே ஏற்பியில் போய் உட்காரும், ஆனால் திறக்காது. அசிட்டைல்கோலினுக்கு இடம் கிடைக்காது. வாய் உலரும், இதயம் வேகமாகத் துடிக்கும், கண்மணி விரியும். ஒரே ஏற்பி பல உறுப்புகளில் இருப்பதால் இப்படிப் பக்கவிளைவு வருகிறது.

படி 4: நொதியை முடக்குவது

வேலை முடிந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனுக்குடன் உடைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. உடைபடாத அசிட்டைல்கோலின் பெருகுகிறது. எச்சில் வழியும், கண்மணி சுருங்கும், நுரையீரலில் நீர் சுரந்து மூச்சு திணறும்.

பெருகிய அசிட்டைல்கோலினுக்கு ஏற்பியில் இடம் கொடுக்காமல் இங்கே உயிர் காப்பது அட்ரோபின். பிராலிடாக்சிம் என்ற மருந்து ஒட்டிய விஷத்தை நொதியிலிருந்து பிரித்தெடுக்கப் பார்க்கும். நேரம் கடந்தால் அந்தப் பிணைப்பு இறுகிவிடும், பிறகு பிரிக்க முடியாது.

படி 5: அளவும் நேரமும்

அட்ரோபினும் அசிட்டைல்கோலினும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. எண்ணிக்கையில் மிகுந்தது வெல்லும். கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே நுரையீரல் தெளியும்வரை மருத்துவர் அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுக்கிறார். ஊமத்தையில் எவ்வளவு அட்ரோபின் இருக்கும் என்று கணிக்க முடியாது. அதைக் கைவைத்தியமாகக் கொடுப்பது இன்னொரு விஷத்தைக் கொடுப்பதே.

நீங்கள் செய்ய வேண்டியது

பூச்சிமருந்து அடிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். மேலே பட்டால் துணியைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூச்சுத் திணறலோ அளவுக்கு மீறிய எச்சிலோ தெரிந்தால் உடனே 108ஐ அழையுங்கள். பூச்சிமருந்து டப்பாவை மறக்காமல் மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோங்கள். எந்த விஷம் என்பது தெரிந்தால், எந்த மருந்து என்பதை மருத்துவர் தாமதமின்றி முடிவு செய்வார்.