ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போறீங்களா? வாட்ஸுக்கும் ஒரு சிடிசி இருக்கு!



வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் செஞ்ச ஒரு தப்போட ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்குப் பழைய பாட்டுன்னா உயிர். அவருக்காக, அட்டைப்பெட்டியில் "2000 வாட்ஸ்"னு பெருசா போட்டிருந்த ஒரு செட்டை 12 மாச இஎம்ஐயில் வாங்கினேன். வால்யூமைக் கொஞ்சம் ஏத்தினாலே குரல் கரகரன்னு உடைஞ்சுது. மூணாவது மாசமே அப்பா தன்னோட பழைய ரேடியோவுக்குத் திரும்பிட்டார். எனக்கு மட்டும் 9 இஎம்ஐ பாக்கி!

அந்தத் தப்பை நீங்க செய்யக் கூடாதுன்னுதான் இந்தப் பதிவு. இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையர்னா, வால்யூமைக் கட்டுப்படுத்துற ப்ரீ-ஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டுற பவர் ஆம்ப் ரெண்டும் ஒரே பெட்டியில் இருக்கும். ரெண்டு ஸ்பீக்கரை இணைச்சா வீட்டுக்கு ஸ்டீரியோ ரெடி.

1. கைக்கு வர்ற வாட்ஸ் எவ்வளவு?

ஆஃபர் லெட்டரில் சிடிசி 6 லட்சம்னு இருந்தா, மாசம் 50,000 கைக்கு வருமா? வராது. பிஎஃப், கிராஜுவிட்டி, வேரியபிள் பே எல்லாம் அதுக்குள்ளதான். பெட்டியில் இருக்கிற பிஎம்பிஓ வாட்ஸும் அப்படித்தான். ஒரு நொடிக்கும் குறைவான உச்சத்தைக் காட்டுற எண் அது. அளக்கப் பொதுவான விதியும் கிடையாது.

நீங்க பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ்னு போட்டிருக்கிற தொடர் பவர். அதிலும் நாலு விஷயம் கேளுங்க: 8 ஓம் ஸ்பீக்கரிலா? ரெண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓடும்போதா? 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்குமா? டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குக் கீழேயா? "4 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன்"னு சின்ன எழுத்தில் இருந்தா, அது ஊதிப் பெருக்கின சிடிசி. இந்த வாட்ஸ் விளையாட்டைத் தடுக்க அமெரிக்காவில் 1974லேயே தனி விதி கொண்டு வந்தாங்க.

2. நமக்கு எவ்வளவு போதும்?

ஸ்பீக்கர் விவரத்தில் சென்சிட்டிவிட்டின்னு ஒரு எண் இருக்கும். 86 டெசிபல்னா, 1 வாட் கொடுத்தா 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம். 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தா சுமார் 80. வீட்டில் நிதானமா கேட்க 70 போதும். அதுக்குத் தேவை 0.1 வாட்! பாட்டில் திடீர்னு வர்ற மேளம், டிரம்ஸ் அதைவிட 20 டெசிபல் எகிறினாலும் 10 வாட்ஸ்தான். அதனால சுத்தமான 40 வாட்ஸ் ஒரு சாதாரண ஹாலுக்குத் தாராளம்.

இன்னொரு கணக்கு. பவரை ரெண்டு மடங்கு ஆக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா சுமார் 10 மடங்கு பவர் வேணும். ஆக, 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் நடுவில் நீங்க கொடுக்கிற கூடுதல் காசுக்குக் கிடைக்கிற சத்தம் ரொம்பக் கம்மி. 86க்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கர் எடுத்தா அதே பலன் கிடைக்கும். அதனால பட்ஜெட்டில் பெரிய பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்க. 1970களின் கடைசியில் வந்த என்ஏடி 3020, சேனலுக்கு 20 வாட்ஸ்தான். விலை குறைந்த ஆம்ப்னாலே இன்னைக்கும் அதைத்தான் உதாரணம் காட்டுறாங்க.

3. கடையில் என்ன செய்யணும்?

- உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடச் சொல்லுங்க.
- ரெண்டு ஆம்ப்பை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கணும். கொஞ்சம் சத்தமா ஓடுறது நம்ம காதுக்கு "நல்லா இருக்கிற" மாதிரி தெரியும்.
- வால்யூமை ரொம்பக் குறைச்சு, ரெண்டு பக்கமும் சமமா கேட்குதா பாருங்க.
- பாட்டை நிறுத்திட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைங்க. இரைச்சல் இருந்தா வேண்டாம்.
- டிவிக்கு ஆப்டிகல், போனுக்கு ப்ளூடூத், உங்க ஊரில் சர்வீஸ், ஜிஎஸ்டி பில். நாலும் இருக்கான்னு கேளுங்க.

4. நோ காஸ்ட் இஎம்ஐ-யில் காஸ்ட் எங்கே?

ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிடுச்சு. ஒரு உதாரணம் பார்ப்போம். ஆம்ப் விலை 36,000. மாசம் 3,000 வீதம் 12 மாசம். கார்டு வட்டி 15%னு வெச்சுக்குவோம். உங்க கடன் உண்மையில் சுமார் 33,240. மிச்சம் 2,760 வட்டி. அதை உங்களுக்குத் தள்ளுபடியா காட்டுறாங்க. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சுமார் 497 ரூபாய் உங்க தலையில். பிராசஸிங் கட்டணம் 199ன்னா வரியோட 235. ஆக 730 ரூபாய்க்கு மேல செலவு. "மொத்தமா காசு கொடுக்கிறேன், அந்த 2,760ஐக் குறைப்பீங்களா?"ன்னு கேட்கிற வாய்ப்பும் போச்சு.

அதே 3,000ஐ 12 மாசம் ஆர்டியில் போடுங்க. வட்டி உங்களுக்கு வரும். வருஷக் கடைசியிலும் ஆசை அப்படியே இருந்தா தயங்காம வாங்குங்க. நல்ல ஆம்ப் 10 வருஷம் உழைச்சா, மாசத்துக்கு 300 ரூபாய்தான் ஆகுது.

ரெண்டாவது தடவை நான் அப்படித்தான் வாங்கினேன். 40 வாட்ஸ். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பாவே ஆன் பண்ணிடுறார். வால்யூம் கால்வாசியைத் தாண்டினதே இல்லை.