‘என்ன’ என்றால் ‘வாங்க’



இந்த முறை நமது சிங்களப் பாடத்தைக் கந்தளாயில் இருந்து தொடங்குவோம். எங்க சின்னம்மா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி அந்தப் பக்கம் குடியேறியது. போன முதல் கிழமை, சின்னம்மா தயிர்ச்சட்டி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரச் சிங்கள அம்மா சிரித்த முகத்தோடு “என்ன, என்ன” என்றாராம். சின்னம்மாவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ‘சாமான் வாங்க வந்த மனுசியைப் பார்த்து என்ன, என்னன்னா என்ன அர்த்தம்?’ “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பாவம், அந்தக் கடைக்கார அம்மா. அவர் சொன்னது “வாங்க, வாங்க” என்று. சிங்களத்தில் ‘என்ன’ என்றால் வாருங்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அடுத்து நடந்தது சிரிப்பு இல்லை. முழங்கால் வலிக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில், குளிசையைக் கொடுத்து “கேமட்ட பஸ்ஸே” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சின்னம்மாவின் காதில் விழுந்தது ‘பஸ்’ மட்டும்தான். பஸ்ஸில் ஏறிப் போடச் சொல்கிறார்கள் என்று நினைத்து, காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாத வயிற்றில், பஸ்ஸுக்குள்ளேயே இரண்டு குளிசையைப் போட்டுக்கொண்டார். அன்று இரவு முழுக்க வயிறு எரிந்து துடித்தார். ‘கேமட்ட பஸ்ஸே’ என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு சொல் தெரியாததற்கு இந்தப் பாடு!

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு வேன் பிடித்துப் போனவர்களுக்குக் கந்தளாய் தெரிந்திருக்கும். ஹபரணை தாண்டி, திருகோணமலைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் இருக்கும்போது வருகிற ஊர். பெரிய குளமும் வயல்களும் உள்ள இடம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூன்று பேரும் அங்கே இருக்கிறார்கள். இது இன்று நேற்று வந்த கலப்பு இல்லை. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டும் கந்தளாயில் கிடைத்திருக்கிறது, 12 ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட நிசங்கமல்லன் என்ற அரசனின் சிங்களக் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது.

அந்த ஊர்த் தெருவில் ஒரு பிள்ளை “தாத்தா” என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நம்ம பிள்ளை என்றால் கிழவர் திரும்புவார். சிங்களப் பிள்ளை என்றால் அப்பா திரும்புவார், சிங்களத்தில் தாத்தா என்பது தகப்பன். கிழக்கு மாகாண முஸ்லிம் பிள்ளை என்றால் அக்கா திரும்புவார், அவர்கள் பேச்சில் மூத்த சகோதரிதான் தாத்தா. ஆகவே சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் போதாது, யார் வாயில் இருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

நம்ம பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். “இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க” என்று பெரட்டுக்களத்தில் சொன்னால் லயத்தில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கொழும்பில் உள்ள தமிழ் வாத்தியாருக்கு விளங்குமா? பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு என்பது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? பேச்சுமொழி புழங்குகிற இடத்தில் கேட்டுத்தான் வரும். சிங்களமும் அப்படியே. பள்ளிப் புத்தகத்தில் ‘மம யமி’ என்று இருக்கும், நான் போகிறேன் என்று பொருள். கடையிலோ பஸ்ஸிலோ யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘மம யனவா’ என்பார்கள்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. தமிழில் போறேன், போற, போறாங்க என்று ஆளுக்கு ஆள் மாறும். பேச்சுச் சிங்களத்தில் மாறவே மாறாது. மம யனவா, ஒயா யனவா, எயா யனவா. நான், நீ, அவர் எல்லாருக்கும் ஒரே ‘யனவா’. வசனத்தின் ஒழுங்கும் தமிழைப் போலத்தான், வினைச்சொல் கடைசியில் வரும். அதோடு, நமக்கே தெரியாமல் பாதி சிங்களம் நம் காம்பராவுக்குள் கிடக்கிறது. மேசை, அலமாரி, கோப்பை, துவாய், சப்பாத்து, பாண், ஏன், காம்பரா என்ற சொல்லும்கூட! எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போன சொற்கள். அவர்களும் மேசய, அல்மாரிய, கோப்பய, துவாய, சபத்து, பாண், காமரய என்கிறார்கள். கடைக்கு ‘கடே’. காசுக்கு ‘சல்லி’. இந்த இரண்டும் தமிழில் இருந்து போனவை.

சரி, இவ்வளவு இலேசு என்றால் எங்கே இடறுகிறோம்? மரியாதையில்தான் இடறுகிறோம்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் புதிதாக வரும் சின்னத்துரைக்குத் தமிழ் படிப்பிக்க ஒரு சிறு புத்தகம் இருந்தது. அதன் பெயரே ‘இங்கே வா’. 1915 இல் வெல்ஸ் என்பவர் ‘கூலித் தமிழ்’ என்ற பெயரில் இன்னொரு புத்தகம் வெளியிட்டார். அந்தப் பெயரைப் பார்த்தாலே போதும், துரைமார் எந்தத் தமிழைத் தேடினார்கள் என்று விளங்கும். வேலை ஏவுவதற்குத்தான் அவர்களுக்குத் தமிழ் வேண்டியிருந்தது. எங்க பாட்டி சொல்வார், “தொரைக்கு வா தெரியும், போ தெரியும், வாங்க மட்டும் தெரியாது” என்று.

நம்ம பையன்களும் இப்போது அப்படித்தான் சிங்களம் பழகுகிறார்கள் என்பது என் எண்ணம். டவுனில் வேலைக்குப் போய் மூன்று மாதத்தில் ‘உம்ப’, ‘பல’ என்று பேசுகிறார்கள். ‘உம்ப’ கூட்டாளிமார் தங்களுக்குள் பேசுகிற ‘நீ’. அதைக் கந்தோரில் உள்ள பெரிய மனிதரிடம் சொன்னால் வந்த காரியம் நடக்காது. ‘பல’ என்றால் ‘போடா’ என்று விரட்டுவது. ‘வரெங்’ என்றால் ‘வாடா’ என்ற மாதிரி. இதில் மிகவும் கவனம் தேவை. நாம் விடைபெறும்போது வாரேன் என்பதைச் சுருக்கி “வரேன்” என்று சொல்வோம் அல்லவா? சிங்களக் காதில் அது கிட்டத்தட்ட ‘வாடா’ என்று விழும்!

நல்ல சிங்களத்தில் வாங்க என்பது ‘என்ன’, போங்க என்பது ‘யன்ன’. நாம் “கொஞ்சம் வாங்க” என்பது போல அவர்கள் “பொட்டக் என்ன” என்பார்கள். இதில் வரும் டகரத்தைக் ‘கூடை’யில் வருவது போல மெதுவாகச் சொல்லுங்கள். நீ, நீங்கள் என்று தடுமாற வேண்டாம். முறை சொல்லிக் கூப்பிடுங்கள். மூத்தவரை அய்யே, அக்கே. இளையவரை மல்லி, நங்கி. பெரியவரை மாத்தையா. வயதான பெண்ணை அம்மே.

இனி ஆஸ்பத்திரிக்கு. இவற்றை வீட்டில் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘கேமட்ட’ என்பதில் ஏகாரத்தை ‘பேங்க்’ என்று சொல்லும்போது போல வாயை அகட்டிச் சொல்ல வேண்டும். ‘றே’ என்பதும் அப்படித்தான்.

கேமட்ட கலின் – சாப்பாட்டுக்கு முன்
கேமட்ட பஸ்ஸே – சாப்பாட்டுக்குப் பிறகு
உதே, தவல், றே – காலை, பகல், இரவு
தவசட்ட துன் பாரக் – ஒரு நாளைக்கு மூன்று தரம்
மட்ட தேரென்னே நே – எனக்கு விளங்கவில்லை
ஹெமின் கியன்ன – மெதுவாகச் சொல்லுங்கள்
லியலா தென்ன – எழுதித் தாருங்கள்

‘மட்ட தேரென்னே நே’ என்பதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். விளங்காமல் தலையாட்டிவிட்டு வருவதால்தான் குளிசை தப்பாகப் போகிறது.

சிலர் கேட்கலாம், “நாம ஏன் படிக்கணும், அவங்க தமிழ் படிக்கட்டுமே” என்று. நியாயமான கேள்விதான். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. 2007 ஜூலை 1 க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற ஆட்சிமொழியையும் கற்க வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. ஆகவே கந்தோருக்குத் தமிழில் கடிதம் எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். சிங்களம் தெரிந்தவரும் இந்த உரிமையை விடவேண்டியதில்லை. ஆனால் நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடும்போது சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

சின்னம்மா பிறகு அந்தக் கடைக்கார அம்மாவிடமே சிங்களம் பழகினார். நாம் “போயிட்டு வாரேன்” என்பதைப் போல அவர்களும் “கிஹின் என்னம்” என்றுதான் சொல்லிக்கொண்டு புறப்படுவார்களாம். வீட்டுக்காரர் “கிஹின் என்ன” என்று வழியனுப்புவாராம், போயிட்டு வாங்க என்று.

அடுத்த இதழ் வருவதற்குள், தமிழில் ஒரு பொருளும் சிங்களத்தில் வேறு பொருளும் உள்ள சொற்கள் ஐந்தைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள், அவர்களுக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கும்.