ஒரு கிரெடிட் பாடம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, ஒரகடம் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் வாரம் ஒரு மணி நேரம் 'தமிழரும் தொழில்நுட்பமும்' நடத்துவது உனக்குக் குறையாக இருக்கிறது. எந்தப் பயிற்சிக்குப் போனால் வளரலாம் என்று கேட்கிறாய்.

முதலில் அந்தக் குறையை விட்டுவிடு. 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற இரு தாள்களையும் அண்ணா பல்கலைக்கழகம் 2022-23 கல்வியாண்டில் முதலாண்டு மாணவர் எல்லோருக்கும் வைத்தது. ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட்தான். ஆனால் உன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு இதுவே கடைசித் தமிழ் வகுப்பு. நாளை இருங்காட்டுக்கோட்டைக்கோ வல்லம் வடகாலுக்கோ தொழிற்சாலை ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களிடம் தமிழைக் கொண்டுசேர்க்கும் வாய்ப்பு பெரிய கல்லூரிப் பேராசிரியர்கள் பலருக்கும் இல்லை.

இனி பயிற்சிக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 1987-ல் தொடங்கிய கல்விப் பணியாளர் கல்லூரிகள்தாம் இன்று மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களாகப் பெயர் மாறி நடக்கின்றன. அங்கே ரெஃப்ரெஷர் கோர்ஸ் கிடைத்தால் போ. ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்கும் (எஃப்.டி.பி.) போ. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் திரும்பி வந்ததும் உன்னையே ஒன்று கேட்டுக்கொள்: இந்தப் பயிற்சியால் என் வகுப்பில் ஒரு மணி நேரமாவது மாறியதா? மாறவில்லை என்றால், கோப்பில் ஒரு தாள் கூடியதோடு சரி.

உனக்கு உண்மையில் வேண்டிய பயிற்சி எது என்று பாடத்திட்டமே சொல்கிறது. இரும்பு உருக்குதல், கப்பல் கட்டுதல், மணி செய்தல், சோழர் காலக் குமிழித் தூம்பு, கணினித் தமிழ் எல்லாம் அதில் இருக்கின்றன. எம்.ஏ. வகுப்பில் இவற்றை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. ஆகவே தெரிந்தவர்களிடம் போய்க் கேள்.

ஏரி நீரைத் திறந்துவிடும் அமைப்பான குமிழித் தூம்பையே எடுத்துக்கொள். ஏரிக்குள், கரையிலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்கும். அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்துளை நீரோடி, கீழ்த்துளைகள் சேறோடி. நீரோடியின் மூடியைத் தூக்கினால் நீரோடு வண்டலும் கரைக்கு அடியில் உள்ள சுருங்கை வழியே வயலுக்குப் போகும். ஏரியும் சீக்கிரம் தூர்ந்துபோகாது. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் மாணவன் மனப்பாடம் செய்வான். சிவில் துறை நண்பர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, நீரின் அழுத்தம் வண்டலை எப்படி இழுக்கிறது என்று விளக்கச் சொன்னால், எழுந்து கேள்வி கேட்பான். அந்த வகுப்பில் நீயும் மாணவனாக உட்கார்.

உன் கல்லூரியைச் சுற்றி எத்தனை ஏரிகள்! மதகு, கலங்கல், வரத்துக்கால் என்ற சொற்கள் அந்த ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்னும் புழங்குகின்றன. சிப்காட் தொழிற்பேட்டை வருமுன் அங்கே பயிர் செய்தவர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவரும்படி மாணவர்களுக்கு வேலை கொடு. ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகள் கிடைத்தன. இன்று கார் செய்யும் அந்தப் பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் கருவி செய்திருக்கிறார்கள். இதைவிட நல்ல முதல் பாடம் உனக்கு எங்கே கிடைக்கும்?

வெளியே போய்க் கேட்பதை இழுக்காக நினைக்காதே. உ.வே.சா. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த பெரும் படிப்பு அவருக்கு இருந்தது. அந்த ஆண்டே சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். உ.வே.சா. முதலியாரை வாதில் வெல்லப் பார்க்கவில்லை. நூலை எடுத்துப் படிக்க உட்கார்ந்தார். சமண சமயச் செய்திகள் புரியாதபோது கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே போய்ப் பாடம் கேட்டார். 1887-ல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. தமிழாசிரியர் ஒருவர் வேலையில் இருந்துகொண்டே எடுத்துக்கொண்ட பயிற்சிகளில் இதற்கு இணையானது இல்லை.

நீ போய்ப் படிக்க இடங்களும் உண்டு. படப்பை வழியாகத் தாம்பரம் வந்துவிட்டால், பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா நூலகம். மாதம் ஒரு சனிக்கிழமையை இவற்றுக்கென்று ஒதுக்கு. படித்ததையும் கேட்டதையும் எழுதி வை. இரண்டு ஆண்டுகளில் ஒரு நூலுக்கான சரக்கு சேர்ந்துவிடும்.

பட்டம் நீ முன்பு படித்ததற்குக் கிடைத்தது. வகுப்புக்கோ நீ இன்றும் படிக்க வேண்டும். அடுத்த பருவம் தொடங்குமுன் பக்கத்து ஏரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்