தோழி கேட்டால் என்ன சொல்வது?

"சர்ச்சுல என்ன செய்வீங்க? இயேசு உங்களுக்கு யாரு?" என்று அலுவலகத் தோழி கேட்கிறாள். எனக்கு வசனம் மனப்பாடமாக நிற்காது. கோர்வையாகப் பேசவும் வராது. எப்படிச் சொல்வது?
– வாசகி, நாகர்கோவில்

பாதி வேலையை உங்கள் தோழியே முடித்துவிட்டார், சகோதரி. கேட்காத காதுக்குச் சொல்வதுதான் சிரமம்.

அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தை இன்றிரவு வாசியுங்கள். காசாவுக்குப் போகும் வழியில் எத்தியோப்பிய அரசியின் பொக்கிஷ அதிகாரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார். ஓடிவந்து சேர்ந்த பிலிப்பு பிரசங்கம் தொடங்கவில்லை. வாசிப்பது புரிகிறதா என்று கேட்டார். அதிகாரி தம்மை ஏறி உட்காரச் சொன்ன பிறகே பேசினார், அதுவும் அவர் வாசித்துக்கொண்டிருந்த பகுதியிலிருந்தே. இத்தனைக்கும் இந்தப் பிலிப்பு பன்னிருவரில் ஒருவர் அல்ல. எருசலேமில் பந்தி விசாரணைக்கு அமர்த்தப்பட்ட ஏழு பேரில் ஒருவர்.

வசனம் வரவில்லையா? பேதுருவையும் யோவானையும்கூடப் படிப்பறியாதவர்கள் என்றுதான் ஆலோசனைச் சங்கம் எடைபோட்டது. கண்டதையும் கேட்டதையும் சொன்னார்கள், அவ்வளவுதான். எந்த இக்கட்டில் எந்த ஜெபம் உங்களைத் தாங்கியது? அதை ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் சொல்லுங்கள். 'அபிஷேகம்', 'எழுப்புதல்' போன்ற சபைச் சொற்கள் வேண்டாம். அத்தேனே பட்டணத்தில் பவுல் அந்த ஊர்ப் பலிபீடத்தையும் அந்த ஊரார் அறிந்த புலவர்களையுமே பேச்சுக்கு எடுத்தார்.

தோழி சிரித்தால்? அத்தேனேயிலும் சிலர் கேலி செய்தார்கள். சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள். பவுல் வாதத்தை நீட்டாமல் கிளம்பிவிட்டார். நீங்களும் டம்ளரைக் கழுவிவைத்துவிட்டு ஃபைலை எடுங்கள். அடுத்த கேள்வி அவரிடமிருந்தே வரட்டும். துண்டுப்பிரசுரக் கட்டு மட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்!