மளிகைச் செலவு கைமீறாமல் இருக்க...

● போன மாதத்து மளிகை, காய்கறி, பால், மீன் செலவைத் தனித்தனியாகக் கூட்டுங்கள். எது துண்டு விழ வைக்கிறது என்று தெரிந்துவிடும்.

● பட்டியல் எழுதுமுன் ரேஷன் பொருளை வாங்கிவிடுங்கள். அரிசி அட்டைக்குத் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மிச்சத் தேவையை மட்டும் கடைச் சிட்டையில் எழுதுங்கள்.

● காய்க்கு ஒதுக்கியதை நான்காகப் பிரித்து வாரம் ஒரு கவரில் வையுங்கள். மாதத்தின் கடைசி இரண்டு, மூன்று நாளுக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். அடுத்த வாரக் கவரைத் தொடக் கூடாது.

● புதுக்கோட்டை உழவர் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். விலைப் பலகையைப் பார்த்த பிறகு என்ன குழம்பு என்று முடிவு செய்யுங்கள்.

● ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது; மீன் விலை ஏறும். அப்போது கீரமங்கலம், வடகாடு பக்கத்துப் பலாவுக்குப் பருவம். பலாக்காய்க் கூட்டு, பலாக்கொட்டைக் குழம்பு, முட்டை என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

● கடையில் கணக்கு வைத்து வாங்கினால், அன்றன்றைக்கே உங்கள் நோட்டிலும் தொகையைக் குறியுங்கள்.

● மாத முடிவில் மிஞ்சும் பணத்தைத் தீபாவளி மளிகைக்கென ஒதுக்குங்கள்.