சணலின் கதை தரும் பாடம்

சணல் என்றதும், நெல் அறுவடைக்குப் பின் பசளைக்காக வயலில் விதைக்கும் மஞ்சட் பூச்செடி எமது நினைவுக்கு வரும். சாக்கு நெய்யும் நாரையும் நாம் சணல் என்றே அழைக்கிறோம். அது வங்காளத்தில் விளையும் 'ஜூட்' செடியின் நார். இக்கட்டுரையில் நாம் ஆராய்வது மூன்றாவது ஒரு செடி. உலகச் சந்தையில் இதற்கு 'ஹெம்ப்' என்று பெயர். இது கஞ்சாச் செடியின் ஒரு வகை. ஆனால் போதை தரும் பொருள் இதில் மிகச் சொற்பம். அமெரிக்கச் சட்டப்படி அது 0.3 வீதத்துக்கு மேற்படலாகாது.

ஒரு செடி, பல பயன்கள்

நாருக்காக இதனை நெருக்கமாக விதைப்பார்கள். ஏறக்குறைய நான்கு மாதத்தில் ஆள் உயரத்தைக் கடந்து வளர்ந்துவிடும். வெட்டிய தண்டுகளை நீரில் ஊறப்போடுவார்கள், அல்லது பனியில் நனையும்படி வயலிலேயே பரப்பி விடுவார்கள். பின்னர் தண்டை நொருக்கி நாரைப் பிரிப்பார்கள். தென்னம் மட்டையை ஊறவைத்துத் தும்படிப்பதை அறிந்த எமக்கு இது புதிய முறையன்று.

மேற்பட்டை நார் கயிறு, துணி, கடதாசி ஆகியவற்றுக்கு உதவும். இன்று மோட்டார் வாகனங்களின் கதவு உட்பலகைகளிலும் இந்நார் சேர்க்கப்படுகிறது. உள்ளே இருக்கும் தக்கை போன்ற பகுதி குதிரை லாயங்களில் படுக்கையாகப் பரப்பப்படும். அதனைச் சுண்ணாம்புடன் கலந்து வீட்டுச் சுவர் கட்டும் முறை 1980களில் பிரான்சில் உருவாகியது. விதை உணவாகும், அதிலிருந்து எண்ணெயும் பிழியலாம்.

வளர்ச்சியும் வீழ்ச்சியும்

சீனர் மிகப் பழங்காலத்திலேயே இந்நாரால் துணி நெய்தனர். கி.பி. 105இல் சாய் லுன் என்னும் அரண்மனை அதிகாரி, மரப்பட்டை, ஹெம்ப் நார், கந்தைத் துணி, பழைய மீன்வலை என்பவற்றைக் கூழாக்கிக் கடதாசி செய்யும் முறையைப் பேரரசருக்கு அறிவித்தார்.

ஐரோப்பாவில் பாய்க்கப்பல்களின் கயிறும் பாயும் இந்நாரால் செய்யப்பட்டன. 'கன்வஸ்' என்னும் துணியின் பெயரே 'கன்னபிஸ்' என்ற இச்செடியின் பெயரிலிருந்து வந்ததாகும். 1533இல் இங்கிலாந்தின் மன்னர் எட்டாம் ஹென்றி, 60 ஏக்கர் உழுநிலம் உள்ளவர் கால் ஏக்கரிலாவது ஹெம்ப் அல்லது ஆளி பயிரிட வேண்டும் எனச் சட்டம் செய்தார். அதுவும் போதாமல், பிற்காலத்தில் ஆங்கிலக் கடற்படை ரஷ்யாவிலிருந்து பெருமளவில் நார் வாங்கியது.

இவ்வளவு வேண்டப்பட்ட பயிர் பின்னர் ஏன் வீழ்ந்தது? போதைப்பொருட் சட்டமே காரணம் எனப் பலர் சொல்வர். உண்மையில் வீழ்ச்சி அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. நீராவிக் கப்பலுக்குப் பாய் வேண்டியிருக்கவில்லை. கம்பி வடமும், பிலிப்பைன்சின் மணிலா நாரும், வங்காளத்துச் சணலும் சந்தையைப் பிடித்தன. பருத்தியின் விதை நீக்க 1793இலேயே அமெரிக்காவில் யந்திரம் வந்துவிட்டது. ஹெம்ப் தண்டையோ அதன் பின்னரும் நெடுங்காலம் கையாலேயே நொருக்கினர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அந்தக் கடும் வேலையை அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களின் தலையில் சுமத்தினர்.

1937இல் அமெரிக்க அரசு கஞ்சா மீது விதித்த வரிச்சட்டம் ஹெம்பையும் பாதித்தது. ஆனால் ஐந்தே ஆண்டுகளில் நிலை மாறியது. போரில் ஜப்பான் பிலிப்பைன்சைக் கைப்பற்றியதும் மணிலா நார் வரத்து நின்றது. உடனே அதே அரசு 1942இல் 'வெற்றிக்கு ஹெம்ப்' என்ற திரைப்படம் தயாரித்து விவசாயிகளை அழைத்தது; 42 ஆலைகளையும் கட்டியது. போர் முடிந்ததும் ஆலைகள் மூடப்பட்டன. வாங்க ஆளில்லாமற் போகவே பயிரும் கைவிடப்பட்டது.

மீண்டும் வந்தபோது

2018இல் அமெரிக்கா ஹெம்ப் பயிர்ச்செய்கையை மீண்டும் அனுமதித்தது. பூவிலிருந்து எடுக்கும் சீபீடி எண்ணெய்க்கு நல்ல விலை கிடைக்கும் என்று நம்பிப் பலர் அதில் இறங்கினர். விளைச்சல் மிஞ்சியது, பதப்படுத்தும் நிலையங்கள் போதவில்லை, விலை சரிந்தது. 2021இல் ஏறத்தாழ 54,000 ஏக்கராக இருந்த வெளிநிலப் பயிர் 2022இல் 28,000 ஏக்கராகக் குறைந்தது. நாட்டின் மொத்த விளைச்சலின் பெறுமதியும் 82 கோடி டொலரிலிருந்து 24 கோடி டொலருக்கு இறங்கியது.

பிரான்சில் இப்பயிர் சுருங்கியதேயன்றி நிற்கவில்லை. மெல்லிய விசேட கடதாசி செய்யும் ஆலைகள் நாரை வாங்கிவந்தன. 1973இல் ஓப் மாவட்ட விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, நாரைப் பிரிக்கும் தமது சொந்த ஆலையை நிறுவினர. 'லா ஷான்வ்ரியேர்' என்னும் அக்கூட்டுறவு இன்றும் இயங்குகிறது.

எமக்கு என்ன?

எமது நாட்டில் அனுமதியின்றிக் கஞ்சா இனத்தைப் பயிரிடுவது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே இச்செடியை நடும்படி நாம் எவருக்கும் கூறவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதன் கதை தரும் பாடத்தை. ஒரு பயிரின் நூறு பயன்களைப் பட்டியலிட்டு எவரும் எமது கிராமத்துக்கு வரலாம். பயன்கள் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அவற்றைப் பணமாக்கும் ஆலையும் வாங்குவோரும் இல்லையேல், கடன்பட்டு விதைத்தவரின் கையில் மிஞ்சுவது வைக்கோல் மட்டுமே. எமது பனந்தும்புக்கும் தென்னந்தும்புக்கும் இது பொருந்தும். தும்பாக விற்பவருக்குக் கிடைப்பது ஒரு விலை. அதனைத் தூரிகையாகவும் கயிறாகவும் ஆக்கி விற்பவருக்குக் கிடைப்பது வேறு விலை.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் விளையும் எந்தப் பொருள் பதப்படுத்தப்படாமலே வெளியே போகிறது?
2. அதனை இங்கேயே பதப்படுத்த என்ன கருவி, எவ்வளவு முதல், எத்தனை பேரின் உழைப்பு வேண்டும்?
3. புதுப் பயிரொன்றை எவராவது அறிமுகம் செய்தால், விதை வாங்குமுன் அவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எவை?