ஒரு புள்ளடியின் சாட்சியம்

மர்ம நாவல் என்றால் பொழுதுபோக்குக்கு வாசிப்பது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சுஜாதா மாஸி ஆங்கிலத்தில் எழுதி 2018இல் வெளிவந்த 'த விடோஸ் ஒஃப் மலபார் ஹில்' அந்த எண்ணத்தை மாற்றியது.

கதை 1921இல் பம்பாயில் நிகழ்கிறது. ஒக்ஸ்போர்டில் சட்டம் படித்த பார்சி இளம்பெண் பெர்வீன் மிஸ்திரி, தந்தையின் சட்ட அலுவலகத்தில் பணிபுரிகிறாள். ஆலை முதலாளி உமர் பரீத் காலமாகிறார். அவருடைய மூன்று மனைவியரும் தமக்குரிய சொத்தை அறப்பணிக்கு விட்டுக்கொடுப்பதாக ஒப்பமிட்ட பத்திரங்கள் அவள் கைக்கு வருகின்றன. ஒருவர் இட்டிருப்பது வெறும் புள்ளடி. வாசிக்கத் தெரியாதவர் எதற்குச் சம்மதித்தார்? இனி இவர்கள் எதைக்கொண்டு வாழ்வார்கள்? இவ்விரு கேள்விகளிலிருந்தே துப்பறிதல் தொடங்குகிறது. பின்னர் அவ்வீட்டில் ஒரு கொலையும் நிகழ்கிறது. கொலையாளி யாரென்பதை நீங்களே வாசித்து அறிந்துகொள்ளுங்கள்.

தடயவியல் என்றதும் இரத்தக்கறையும் பிரேத பரிசோதனையும்தான் நமக்கு நினைவுவரும். கையொப்பத்தையும் பத்திரத்தையும் ஆராய்வதும் அதன் ஒரு கிளையே. பெர்வீனுக்குக் கிடைத்த முதல் தடயம் அந்தப் புள்ளடிதான்.

அவ்விதவைகள் அந்நிய ஆடவர் முன் வராதவர்கள். ஆண்களுக்குத் திறவாத கதவு, பெண் என்பதால் பெர்வீனுக்குத் திறக்கிறது. இது வெறும் கற்பனையல்ல. கொர்னேலியா சொராப்ஜி 1892இல் ஒக்ஸ்போர்டின் சட்டப் பரீட்சைக்குத் தோற்றிய முதற்பெண். 1904 முதல் வங்காளத்தில், திரைக்குள் வாழ்ந்த பெண்களின் சொத்துரிமைக்காக அரச ஆலோசகராகப் பணியாற்றினார். இந்தியாவில் பெண்கள் வழக்கறிஞராவதற்கிருந்த தடையோ 1923இல்தான் சட்டத்தால் நீங்கியது.

நாவலை முடித்த வாரம், கிரான் பாலத்துக்கு அப்பாலுள்ள எங்கள் வயலின் உறுதியை உம்மம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அவருடைய கைநாட்டு.

"இதில என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமா உம்மம்மா?"

"வாசிச்சுத்தான் காட்டினாங்க மகள். எனக்கு விளங்கல்ல. கேக்க வெக்கமாயிருந்திச்சு."

நான் ஒவ்வொரு வரியாக வாசித்து, பேச்சுத் தமிழில் விளக்கினேன். "வடக்கே வாய்க்கால்" என்றதும், "அது தூர்ந்துபோய் எத்தனை வருஷம்" என்றார். அந்த வயலின் ஒவ்வொரு வரம்பும் அவருக்குத் தெரியும். தெரியாதது அந்தத் தாள் மட்டுமே. நல்லவேளை, உறுதியில் பிழையில்லை. பிழை இருந்திருந்தால்?

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரா அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுத்தில் பதிவதைப் பற்றியது. தானே சொல்லி எழுதுவிக்க இயலாதவருக்காக, அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்றும் அது பணிக்கிறது. நாவலின் விதவைகளுக்குக் கிட்டாமற்போனது அந்த நீதியே.

தோழியரே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு கைநாட்டு இருக்கலாம். அதை ஒருநாள் உரத்து வாசித்துக் காட்டுங்கள். பெற்றோரே, மகள் ஒப்பமிடுமுன் இரண்டு கேள்விகள் கேட்டால் கோபிக்காதீர்கள்: இதில் என்ன எழுதியிருக்கிறது? ஒப்பமிட்டபின் எனக்கு என்ன மிஞ்சும்?